செவலையைக் கேட்டு வந்த ஆள்

இது நடந்தது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். சகாயசெல்வியைத் தெரிந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. திண்டுக்கல்லில் ஒரு மெடிக்கல் கடையில் வேலை பார்க்கிறவள் அவள். காலாவதித் தேதியை இரண்டு தடவை பார்க்காமல் தலைவலி மாத்திரையைக்கூட எடுத்துக் கொடுக்கமாட்டாள். சரியான சந்தேகப் பிராணி. அப்படிப்பட்டவளுக்கு நடந்தது என்பதால்தான் இதைச் சொல்லவே துணிகிறேன்.

போன கார்த்திகையில் சிறுமலையில் கொட்டிய மழை இரவோடு இரவாகக் கீழே இறங்கி, சாணார்பட்டிப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையை உடைத்தது. ஆட்களை மீட்க அரசாங்கம் வந்தது. கட்டிப்போட்ட நாயையும் ஓட்டின் மேல் ஏறி நின்ற பூனையையும் யார் பார்ப்பது? செல்வியும், லோடு ஆட்டோ ஓட்டும் அப்துல் கையூமும், இன்னும் நாலைந்து பேரும் சேர்ந்து, மூடிக்கிடந்த ஒரு நூல் மில் குடோனைக் கேட்டு வாங்கினார்கள். அகப்பட்டதையெல்லாம் அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள்.

திருடர்களும் வந்து சேர்ந்தார்கள். காரில் வந்த ஒருவன் ஒரு சிப்பிப்பாறை நாயைக் காட்டி, "என் புள்ள மாதிரிங்க" என்று கண்ணைக் கசக்கினான். இரக்கப்பட்டுக் கொடுத்தார்கள். மறுநாளே அந்த நாய் விற்பனைக்கு என்று வாட்ஸ்அப்பில் வந்தது. அன்றைக்கே செல்வி ஒரு சட்டம் போட்டாள். கேட்டு வருகிறவர் இரும்புக் கதவுக்கு வெளியே நின்று கூப்பிட வேண்டும். நாய் தானாக எழுந்து வாலை ஆட்டிக்கொண்டு போனால்தான் கொடுப்பது.

"ஆளு நடிக்கும்க்கா, நாயி நடிக்காது" என்றார் கையூம்.

அவர் உடைந்த கரையிலிருந்து தூக்கி வந்த ஒரு செவலை நாய்தான் செல்வியின் கவலை. வந்த நாளிலிருந்து ஒரு வாய் தின்னவில்லை. கிழக்குச் சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தது. "எம்புட்டு நாளைக்கு குளுக்கோஸே ஏத்துறது? நாளைக்குள்ள திங்கலைன்னா பொழைக்காது" என்று கால்நடை டாக்டர் சொல்லிவிட்டார். செல்வி அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அன்று சாயங்காலம் ஐந்தே முக்கால் இருக்கும். குடோனில் திடீரென்று சத்தம் நின்றது. ஈ பறந்தாலும் குரைக்கிற நாய்கள் அத்தனையும்... ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன. பூனைகள் சாக்குக்கடியில் போய்ப் பதுங்கின.

கதவுக்கு வெளியே ஒரு ஆள் நின்றார். கைலி, கட்டம் போட்ட சட்டை.

"என் நாயி இங்க இருக்கு. செவலை. எடது காது மடங்கியிருக்கும்."

அடையாளம் சரிதான். சரியாக இருந்ததே செல்விக்குச் சந்தேகமாக இருந்தது. சுவர் ஏறி எட்டிப் பார்த்திருப்பானோ?

"உள்ள வாங்க. டீ குடிக்கிறீகளா?" என்று பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள்.

"வேணாம். நாயக் குடுங்க. போகணும்."

அப்போதுதான் கவனித்தாள். அவர் சட்டை நுனியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மழை விட்டு மூன்று நாளாக நல்ல வெயில்.

"ஏன் நனைஞ்சிருக்கீக?"

அவர் பார்வை அவளைத் தாண்டி உள்ளே போனது.

சந்தேகத்தில் நாயைக் கூப்பிடக்கூட விடாமல், "நாளைக்கு ஆதார் கார்டோட வாங்க" என்று சொல்லிவிட்டுச் சங்கிலியை இழுத்துப் பூட்டினாள். நிமிர்ந்தபோது ஆள் இல்லை. அவர் நின்ற இடம் மட்டும் ஈரமாக இருந்தது.

மறுநாள் காலையிலும் அது காயவில்லை.

அன்று கையூம் டவுனிலிருந்து புது நைலான் கயிறு வாங்கி வந்தார். பச்சை நிறம். செல்வி அதைத் துண்டுகளாக வெட்டி, பிரியாமல் இருக்க ஒவ்வொரு முனையையும் தீக்குச்சியால் கருக்கிவைத்தாள். செவலை தலையைத் தூக்கவே இல்லை. மூச்சு மட்டும் இருந்தது.

ஐந்தே முக்கால்.

குடோன் அமைதியானது.

செல்வி திரும்பிப் பார்த்தாள். அதே ஆள். அதே சட்டை. அதே சொட்டு.

"கார்டு எங்க?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. உள்ளே பார்த்து மெதுவாக, "ஏலே... செவலை" என்றார்.

நாய் எழுந்தது.

நிற்கவே முடியாத நாய்... வாலை ஆட்டிக்கொண்டு ஓடியது. கதவுக் கம்பியில் முகத்தைத் தேய்த்து அனத்தியது. செல்விக்குச் சந்தேகம் போகவில்லை. ஆனால் சட்டம் அவள் போட்டது. நாயும் பிழைக்க வேண்டும். பச்சைக் கயிற்றை அதன் கழுத்துப் பட்டையில் முடிந்து, மறுமுனையை நீட்டினாள்.

வாங்கிய விரல்கள் சில்லிட்டிருந்தன.

தோல் வெளுத்து... ஊறி... சுருங்கியிருந்தது.

ஆளும் நாயும் கிழக்கே நடந்தார்கள். நாயின் நகச்சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் காலையில் கையில் ஒரு போட்டோவோடு புவனேஸ்வரி என்ற பெண் வந்தாள். படத்தில் கட்டச் சட்டை போட்ட அதே ஆள், பக்கத்தில் செவலை.

"வெள்ளம் வந்தன்னைக்கு, நாய அவுத்து விட்டுட்டு வாரேன்னு போனாருக்கா. இன்னும் ஆளக் காணோம். நாயாச்சும் இருக்கான்னு பாக்க வந்தேன்."

செல்விக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நேத்து அவரே வந்து கூட்டிட்டுப் போயிட்டாரும்மா!"

"உசுரோடயா இருக்காரு?" அந்தப் பெண் சிரித்தாள், அழுதாள், தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கையூமோடு மூவரும் அவர் ஆட்டோவில் கிழக்கே போனார்கள். பாதை ஓரத்துச் சேற்றில் நாயின் தடம் தெளிவாக இருந்தது.

நாயின் தடம் மட்டும்.

உடைந்த கரைக்குக் கீழே, வண்டல் மூடிய இடத்தில் செவலை உட்கார்ந்திருந்தது. மேல்மண் வெயிலில் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. தோண்டிய அடையாளம் எங்கும் இல்லை.

நாயின் கழுத்திலிருந்து பச்சைக் கயிறு நேராக மண்ணுக்குள் இறங்கியிருந்தது.

கையூம் இழுத்தார். வரவில்லை.

தீயணைப்பு ஆட்கள் ஆளுயரம் தோண்டினார்கள். கட்டம் போட்ட சட்டை தெரிந்தது. "வெள்ளத்தன்னைக்கே முடிஞ்சிருக்கு" என்றார் ஒருவர். புவனேஸ்வரி செல்வியை ஒரு பார்வை பார்த்தாள். அதைச் செல்வி சாகிறவரை மறக்கமாட்டாள்.

மூடியிருந்த வலது கையைப் பிரிக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

உள்ளங்கைக்குள் கயிற்றின் மறுமுனை இருந்தது. தீக்குச்சியால் கருக்கிய முனை.