நுனிநாக்கும் அடிநாக்கும்

லண்டன் கடைகளில் பல்லுக்கு என்னென்ன பிரஷ்கள், என்னென்ன பசைகள்! நாக்குக்கென்று ஒன்றுமில்லை. வந்த புதிதில் ஒரு மருந்துக்கடைக்குப் போய், நாக்கு வழிக்க ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் இரக்கத்தோடு பார்த்துவிட்டு வாய்ப்புண்ணுக்குப் பூசும் மருந்தை எடுத்துத் தந்தார். வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து எனக்குத் தேக்கரண்டியின் விளிம்புதான் கதி. நாக்கை அப்படியே விட்டுவிட்டு இந்தச் சனம் எப்படித்தான் காலைத் தேநீரை ருசிக்கிறதோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

திருகோணமலையில் நாங்கள் குடியிருந்தது துறைமுகத்துக்குப் பக்கத்து லைன் வீடுகளில். எல்லோருக்கும் ஒரே கிணறு. விடிந்தால் கிணற்றடியில் ஆளுக்கொரு தென்னை ஈர்க்கு. அதை இரண்டாகப் பிளந்து, வளைத்து, அடிநாக்குவரை விட்டு இழுக்க வேண்டும். ஓங்காளித்துக் கண்ணில் தண்ணீர் வந்தால்தான் வழித்தது வழித்ததாகும். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சத்தம். படுக்கையில் கிடந்தபடியே யார் எழும்பிவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். கப்பலில் சாமான் இறக்கும் கிண்ணியா ஊர்க்காரர் மீரா நானா நாக்கு வழித்தால், நங்கூரம் போட்ட கப்பலும் புறப்பட்டுவிடும் என்று பகிடி பண்ணுவோம். அவரும் சிரித்துவிட்டு இன்னொரு தரம் உறுமிக் காட்டுவார்.

நான் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக்கராக இருந்தேன். இங்கிலிஸில் நல்ல பாஸ். சிங்களம் மட்டும்தான் ஆட்சிமொழி என்று சட்டம் மாறியபிறகு, சிங்களம் பாஸ் பண்ணாதவனுக்குப் பதவி உயர்வு இல்லை என்றார்கள். "உங்கட சேட்டிபிக்கட்டை வைச்சு நாக்குத்தான் வழிக்கலாம்" என்றாள் என் மனைவி பாக்கியம். பகிடிக்குத்தான் சொன்னாள், எனக்குச் சுட்டது. அந்த இங்கிலிஸையே நம்பி, முதலில் நான் மட்டும் கப்பலேறினேன்.

இங்கே வந்து பார்த்தால், கறுத்த ஆட்களுக்கு இடமில்லை என்று யன்னலில் எழுதிப் போட்டிருந்த தெருக்கள். அலைந்து திரிந்து கடைசியில் மிஸிஸ் பார்லோ என்ற கிழவியின் மாடியறை கிடைத்தது. மனைவி வந்தாலும் இருக்கலாம் என்றாள். முதல் வாரமே கதவைத் தட்டினாள். காலையில் குளியலறையில் ஓங்காளித்துச் சத்தி எடுக்கிறாயே, நோயா, நெஞ்சு வருத்தமா, வருத்தக்காரருக்கு இந்த வீட்டில் இடமில்லை என்றாள். என் நல்ல பாஸ் இங்கிலிஸ் அந்த நேரம் பார்த்துக் காலை வாரிவிட்டது. வெறும் நாக்குத்தான் அம்மா என்று சொல்லி, நாக்கை நீட்டிக் காட்டினேன். பழித்துக் காட்டுகிறேன் என்று நினைத்தாள் போலும். முகம் சிவந்து கீழே இறங்கிப் போனாள். அறை போனால் பாக்கியம் எங்கே வருவாள்? அன்றுமுதல் பைப்பைத் திறந்துவிட்டு, சத்தம் வராமல் நுனிநாக்கை மட்டும் வழிக்கப் பழகினேன்.

பாக்கியம் ஒரு பனிக்காலத்தில் வந்து சேர்ந்தாள். அரைத்த கறித்தூளுக்கும் கருவாட்டுக்கும் நடுவில், சேலைத் துண்டில் சுற்றிய ஒரு கட்டு ஈர்க்கு கொண்டுவந்திருந்தாள். களைப்பில் சத்தத்தைப் பற்றி நான் அவளிடம் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. அடுத்தநாள் காலை, லைன் வீட்டுக் கிணற்றடியில் நிற்பவள் போல வழித்தாள். வீடு அதிர்ந்தது. மிஸிஸ் பார்லோ படியேறி வந்துவிட்டாள்.

அவள் போனபிறகு, "என்னவாம்?" என்று பாக்கியம் கேட்டாள்.

"நீர் பிள்ளைத்தாச்சியோ எண்டு கேக்கிறா. பிள்ளைகுட்டிக்கு இந்த வீட்டில இடமில்லையாம். இனி இந்தச் சத்தம் கேட்டா வேற அறை பாக்கட்டாம்."

"நேற்று ராத்திரித்தானே வந்தனான்!" என்று சொல்லி, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். நாக்கு வழித்த கண்ணீரோ சிரிப்புக் கண்ணீரோ தெரியவில்லை. பிறகு, நான் எப்படி வழிக்கிறேன் என்று கேட்டாள். பைப்பைத் திறந்து, தேக்கரண்டியால் செய்து காட்டினேன். அவளுடைய சிரிப்பு நின்றுவிட்டது.

"நுனிநாக்கை மட்டும் வழிச்சா இங்கிலிஸ் நல்லா வரும்தான். அடிநாக்கில கிடக்கிறதை என்ன செய்யப் போறீங்கள்?"

நான் பைப்பை மூடினேன். வேறு அறை தேட ஏலாது என்று அவளுக்கும் தெரியும். மறுநாள் அவளும் ஒரு தேக்கரண்டியை எடுத்தாள். அவள் தலைகுனிந்து சத்தமில்லாமல் வழித்துக்கொண்டு நின்றாள். இதற்காகவா இவளைக் கடல் தாண்டிக் கூப்பிட்டேன் என்று இருந்தது.

வழியைக் கண்டுபிடித்தவள் அவள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மிஸிஸ் பார்லோ தொப்பி போட்டுக்கொண்டு சேர்ச்சுக்குப் போவாள். வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் பாக்கியம் ஓர் ஈர்க்கை எடுத்து இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை என்னிடம் தருவாள். குளியலறையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று, அடிநாக்குவரை விட்டு இழுப்போம். அவள் ஓங்காளிக்க, நான் மீரா நானாவைப் போல உறுமுவேன். எங்களுக்குத் திருகோணமலை விடிவது கிழமைக்கு ஒருநாள், சேர்ச் முடியும்வரைதான். வாசல் பூட்டில் திறப்புப் போடும் சத்தம் கேட்டால், உடனே பைப்பைத் திறந்துவிடுவோம்.