தாழியைப் பார்க்க வந்த அக்கா

எழுபதுகளின் கடைசியில், நான் ஏழாம் வகுப்பு படிக்கையில், எங்கள் ஊர் மியூசியத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லப் பள்ளியிலிருந்து என்னை அனுப்பினார்கள். சரித்திரத்தில் நான் கெட்டிக்காரி என்பதற்காக அல்ல. கூடத்தின் அந்தக் கோடியில் நிற்பவருக்கும் கேட்கிற தொண்டை எனக்கு. அதே தொண்டைக்காக வீட்டில் தினமும் திட்டு வாங்கியவள் நான். மில்லில் வேலை பார்த்த அப்பாவோ, மகள் மியூசியத்தில் உத்தியோகம் பார்ப்பதாகவே ஷிப்டுக்கு ஷிப்டு சொல்லிக்கொண்டிருந்தார்.

பிரெஞ்சுக்காரர்களின் நாற்காலிகளும் பீங்கான் தட்டுகளும் முன்கூடத்தில் இருந்தன. எனக்குக் கிடைத்தது பின்னறை. அங்கே, ஆற்றங்கரையில் தோண்டியெடுத்த ஒரு சிறிய தாழி. வயிற்றுப் பக்கம் உடைந்திருந்தது. உள்ளே ஒரு குழந்தையின் எலும்புகளும் கொஞ்சம் பாசிமணிகளும். சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். இறந்த குழந்தையைத் தாயின் வயிற்றில் இருந்தது போலவே மடக்கிப் படுக்கவைத்து, அதற்குப் பிரியமானதைக் கூடவே வைத்துப் புதைத்தார்கள் என்று எழுதித் தந்ததை மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன்.

ஒரு ஞாயிறன்று, எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் வைத்திக்குப்பத்து அக்கா வந்து நின்றாள். கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். போன புயலில் அலை அவளுடைய பெண்ணை இழுத்துக்கொண்டு போயிருந்தது. உடல் கரை ஒதுங்கவே இல்லை. அதற்குப் பிறகு அம்மா அவளிடம் பேரம் பேசுவதில்லை.

நான் முடித்ததும், “இன்னொரு வாட்டி சொல்லு பாப்பா,” என்றாள். சொன்னேன்.

“அந்த மணிய யாரு போட்டிருப்பாங்க? பெத்தவதானே?”

எழுதித் தந்ததில் அது இல்லை. “அப்படித்தான் இருக்கும்க்கா,” என்றேன்.

பிறகு ஞாயிறு தவறாமல் வந்தாள். என் பேச்சுக்குக் கிடைத்த ரசிகை என்று நினைத்து, அவளைக் கண்டாலே குரலை இன்னும் ஏற்றினேன்.

மழைக்காலத்தில் ஒருநாள் பின்னறையில் வாட்ச்மேன் கத்துவது கேட்டு ஓடினேன். கயிற்றைத் தாண்டித் தாழிக்குள் கைவிட்டிருந்த அவளை மணிக்கட்டோடு பிடித்திருந்தார்.

“இன்னாடி எடுத்த? கைய விரி!”

விரித்தாள். ஒன்றும் இல்லை. அதற்குள் பொறுப்பாளர் வந்துவிட்டார். போலீசைக் கூப்பிடுவதற்கு முன், என்ன காணோம் என்று என்னைப் பார்க்கச் சொன்னார். குனிந்து பார்த்தேன். எலும்புகள் இருந்தன. மணிகள் இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில், சின்னக் கைக்கான சிவப்புக் கண்ணாடி வளையல் ஒன்று.

“எதுவும் போவல சார். இதுதான் புதுசா இருக்கு.”

பொறுப்பாளர் அதை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபம் இறங்கிவிட்டது. இருந்தாலும், “இதெல்லாம் இங்க வைக்கக் கூடாதும்மா,” என்றார். இனி அவளை உள்ளே விட வேண்டாம் என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு, வளையலை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கினாள்.

எனக்குப் பாவமாக இருந்தது. வளையலை எடுத்துக்கொண்டு பீச் ரோடு வரைக்கும் ஓடி அவளைப் பிடித்தேன்.

“அக்கா, இத வுட்டுட்டுப் போறீங்களே!”

அவள் என் உள்ளங்கையையே பார்த்தாள். கை நீட்டவில்லை. நானேதான் அவள் விரல்களுக்குள் வைத்து அழுத்தினேன்.

“எங்கதான் உன்ன வக்கிறது? திரும்ப எங்கிட்டயே வந்துட்டியா,” என்றாள்.

என்னிடம்தான் பேசுகிறாள் என்று நினைத்தேன். “ஆமாக்கா, ஓடியாந்தேன்,” என்றேன் பெருமையாக.