ஒன்பது மூட்டைத் துணிக்குக் கிளெய்ம் போட்ட சுகுணா மேடம்

சென்ற செவ்வாய்க்கிழமை இரண்டாவது பீரியட். பி.டி. டீச்சர் வகுப்பு வாசலில் வந்து நின்று, ஆபீஸ் சுகுணா மேடம் காலையில் பஸ் ஏறும்போது நெஞ்சுவலி வந்து இறந்துவிட்டார் என்று சொன்னார். வகுப்பே அழுதது. எனக்கு மட்டும் உடனே அழுகை வரவில்லை. அப்படியானால் சீல் விஷயம் தெரிந்த ஆள் இனி நான் ஒருத்திதான் என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. அப்படி நினைத்ததற்காகப் பிறகு நிறைய அழுதேன்.

தலைமையாசிரியர் அம்மா என்னை ஒரு பக்க அஞ்சலி எழுதச் சொன்னார். என் கையெழுத்து நன்றாக இருக்குமாம். எழுதிப் பையில் வைத்துவிட்டேன். கடமை, பொறுமை, இனிய சொல் எல்லாம் அதில் இருக்கின்றன. மேடத்திடம் இனிய சொல் கேட்டவர் யாராவது இருந்தால் கை தூக்கலாம். அதனால்தான் வீட்டில் எல்லோரும் தூங்கியபின், கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன்.

மேடத்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் குடியாத்தம் பள்ளிக்கு எழுத்தராக வருவதற்கு முன், அவர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் பதினான்கு வருஷம் வேலை பார்த்தார். வெளிநாட்டில் சரக்கு வாங்கியவர்கள் தையல் பிரிந்தது, நிறம் மங்கியது என்று புகார் அனுப்புவார்கள். அதற்குக் கிளெய்ம் என்று பெயர். ஒவ்வொன்றையும் துருவி விசாரித்து, மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதுவது மேடத்தின் வேலை. "என்னை மாதிரி ஸாரி சொன்னவ இந்த ஜில்லாவுலயே கிடையாது" என்பார்.

அந்த விசாரிக்கும் பழக்கத்தைப் பள்ளிக்கும் கொண்டுவந்தார். வயிற்றுவலி, வீட்டுக்குப் போகவேண்டும் என்று எழுதிக் கொடுத்தால், எந்தப் பக்கம் வலி, எத்தனை மணியிலிருந்து, காலையில் என்ன சாப்பிட்டாய், பார்த்த சாட்சி யார் என்று கேட்பார். கேட்டு முடிப்பதற்குள் வலி போய்விடும். தலைமையாசிரியர் அம்மாவின் விடுப்புக் கடிதத்தையே 'காரணம் தெளிவாக இல்லை' என்று திருப்பி அனுப்பியவர். அம்மா மன்னிக்க வேண்டும், இது எல்லோருக்கும் தெரிந்த செய்திதான்.

ஆடி மாதம் உதவித்தொகைக்குச் சான்றிதழ் வாங்கப் போனேன். கரண்ட் இல்லை, பிரிண்டர் ஓடவில்லை. உட்காரச் சொன்னார். கம்பெனிக்கு வந்த ஓர் அமெரிக்கரைப் பற்றிச் சொன்னார். அவர் ஒரு ஜோடி ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணிநேரம் குறை சொன்னாராம். பிறகு டீ குடிக்கும்போது, தான் படித்த பல்கலைக்கழகத்துக்கே மெட்ராஸ் சம்பந்தம் உண்டு என்று பெருமையடித்தாராம்.

முந்நூறு வருஷத்துக்கும் மேல் பழைய பல்கலைக்கழகம் அது. அமெரிக்க ஜனாதிபதிகள் சிலரும் பெரிய நீதிபதிகள் பலரும் அங்கே படித்தவர்கள். பெயரை நான் எழுதவில்லை, இருக்கிற பயமே போதும். ஆரம்பத்தில் அது ஒரு கட்டடத்துக்கே திண்டாடிய சின்னக் கல்லூரி. மெட்ராஸ் கோட்டையில் கவர்னராக இருந்து, சொந்த வியாபாரத்தில் கொழுத்து, பதவி போய், லண்டன் திரும்பிய ஒருவரிடம் உதவி கேட்டார்கள். அவர் கொஞ்சம் புத்தகங்களும் இங்கிலாந்து ராஜாவின் படம் ஒன்றும் ஒன்பது மூட்டைச் சரக்கும் அனுப்பினார். சரக்கில் துணிகள் இருந்தன. விற்றுக் கட்டடம் கட்டினார்கள். கட்டடத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். பிறகு கல்லூரிக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் அதிகாரத்தில் இருந்தபோது மெட்ராஸிலிருந்து அடிமைகளையும் கப்பலேற்றினார்கள் என்று சொல்லும்போது மட்டும், மேடம் கையிலிருந்த ஃபைலை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்.

பிறகு என்னைப் பார்த்தார். "பதினாலு வருஷம் அவங்க கிளெய்ம் அனுப்புனாங்க, நான் பதில் போட்டேன். ஒரே ஒரு தடவ நாம அனுப்பலாம்டி."

என் அப்பா பவர்லூமில் லுங்கி நெய்கிறவர். எனக்கு ஆசை வந்துவிட்டது. பணம் கேட்கலாமா என்றேன்.

"காசு கேட்டா வக்கீலக் கூப்புடுவான். பேரு கேளு. அனுப்புனவர் பேரு கட்டடத்து மேல ஏறிடுச்சி. நெய்தவங்க பேரு இன்னா ஆச்சின்னு கேளு."

குடியாத்தத்துத் துணி என்றே போட்டுவிடலாம் என்றேன். ஆதாரம் காட்டு என்றார். இல்லை. அதனால் 'மெட்ராஸ் பக்கத்துத் துணி' என்றுதான் எழுதினோம். கரண்ட் வந்ததும், எல்லாம் கம்பெனி முறைப்படி: சரக்கு, மூட்டை எண்ணிக்கை, குறை. குறை என்ற இடத்தில் 'நெய்தவர் பெயர் காணவில்லை' என்று டைப் செய்தார். எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும் என்ற இடத்தில் நான் முப்பது நாள் என்றேன். முந்நூறு வருஷம் பொறுத்தாயிற்று, இப்போது எதற்கு அவசரம் என்று அறுபதாக்கினார்.

கையெழுத்து இடத்தில் என் பெயர் இருந்தது. பேனாவை மேடத்திடமே திருப்பி நீட்டினேன். "நான் ஆபீஸ் ஆளு, எனக்கு ரூல் ஜாஸ்தி. படிக்கிற பொண்ணுக்கு ரூல் கம்மி. போடு" என்றார். போட்டேன். பக்கத்தில் பள்ளி சீலை ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். சீல் இல்லாத கடிதத்தைக் கடவுளே பிரிக்கமாட்டார் என்பது அவர் கொள்கை. அன்று மாலையே அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தபாலில் சேர்த்துவிட்டார்.

அனுமதியில்லாமல் பள்ளி சீலைப் பயன்படுத்தினால் டிசி கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்று, பொதுவாகக் கேட்பதுபோல் நான் கேட்டதற்குத் தோழி ஒருத்தி பிறகு சொன்னாள். பன்னிரண்டாம் வகுப்புப் பாதியில் டிசி வாங்கினால், படித்தது போதும் என்று அப்பா என்னையும், ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் அக்காவோடு கம்பெனி வேனில் ஏற்றிவிடுவார். அதன்பின் நான் ஆபீஸ் பக்கமே போகவில்லை. மேடம் மட்டும் வராந்தாவில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், பதில் எழுதுகிறவன் மேலதிகாரியிடம் காட்டி வாங்க நாளாகும் என்று எனக்குத் தைரியம் சொல்வார்.

பதில் வந்தது. அடக்கம் முடிந்து இரண்டு நாள் கழித்து, தலைமையாசிரியர் அம்மாவின் மேசைக்கு, என் பெயருக்கு.

"அமெரிக்காவுல உனக்கு யாரும்மா இருக்காங்க?" என்று அம்மா கேட்டார்.

பெரியப்பா பையன் என்று சொல்லிவிட்டேன். எங்கள் பெரியப்பாவுக்கு இரண்டும் பெண்கள். அம்மா நம்பினார். தன் மகனுக்கென்று ஸ்டாம்பை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டு உறையைக் கொடுத்துவிட்டார். நான் தப்பித்தேன்.

கழிவறைக்குள் நின்று படித்தேன். அங்கே பழைய ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளும் அம்மையார் ஒருவர் எழுதியிருந்தார். துணிவகைகளின் பெயர்கள் தங்களிடம் இருக்கின்றன, நெய்தவர் ஒருவர் பெயரும் இல்லை, நீங்கள் சுட்டிய குறை உண்மைதான் என்று. அந்தக் காலத்து நெசவு ஊர்களைப் பற்றி எங்கள் பள்ளி தேடித் தர முடியுமா என்றும் கேட்டிருந்தார். முடியுமானால் தலைமையாசிரியர் கையொப்பத்துடன் பதில் வேண்டுமாம்.

'குறை உண்மைதான்.' மேடம் இதை எத்தனை பேருக்கு எழுதியிருப்பார். அவருக்கு ஒருவர் எழுதியது இதுதான் முதல் தடவை. படிக்க அவர் இல்லை.

நான் வாயை மூடிக்கொண்டால் எனக்கு டிசி இல்லை. ஆனால் அந்த அம்மையாருக்குப் பதிலும் இல்லை. வந்த கடிதத்துக்குப் பதில் போடாமல் கிடப்பில் போடுகிறவர்களை மேடம் மனுஷராகவே மதித்ததில்லை.

ஆகவே நாளைக் காலை வழிபாட்டில் இதைத்தான் வாசிப்பேன். தலைமையாசிரியர் அம்மா, எனக்கு அமெரிக்காவில் யாரும் இல்லை. அந்தக் கடிதத்தில் இருந்தது என் கையெழுத்து. டிசி கொடுப்பதென்றால் அதை எழுதவேண்டியவர் சுகுணா மேடம்தான், அவர் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. வருவதற்குள், அந்த அம்மையாருக்கு நான் எழுதும் பதிலில் ஒரு கையொப்பம் போட்டுத் தாருங்கள். சீல் எந்த டிராயரில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

மேடம், உங்கள் மேசையில் உங்கள் படத்துக்கு மாலை போட்டிருக்கிறார்கள். வழிபாடு முடிந்ததும், யார் என்னைக் கூப்பிடுவதற்கு முன்பும், அந்தக் கடிதத்தைப் படத்தின் முன்னால் விரித்து வைப்பேன். நிதானமாகப் படித்துவிட்டுப் போய் வாருங்கள்.