மாதுங்கா கம்பவுண்டர்

பம்பாயில் மதுவிலக்கு இருந்த காலம். என் கணவரின் குடியை நிறுத்த வைத்தியம் தேடி, இடுப்பில் குழந்தையோடு மாதுங்காவில் ஒரு டிஸ்பென்சரிக்குப் போனேன். மருந்து பாட்டிலைக் குலுக்கியபடியே பேசும் வழுக்கைத்தலைக் கம்பவுண்டர் குரலைத் தாழ்த்தினார்.

“குடிக்கப் பெர்மிட்தானேம்மா? குடிக்காட்டா உடம்பு தாங்காதுன்னு டாக்டர் எழுதித் தருவார்.”

“இல்லை, அவர் குடியை விடணும்.”

பாட்டில் குலுங்குவது நின்றது. “விடறதுக்கா? அதுக்கு இங்க யாரும் வந்ததில்லையே!” சற்று யோசித்தார். “பெர்மிட்னு சொல்லியே கூட்டிண்டு வாங்கோ. அப்பதான் வருவார்.”

மறுநாள் கணவர் உற்சாகமாகவே வந்தார். கம்பவுண்டர் அவர் தோளில் கைபோட்டு, டாக்டரின் அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே மூவரும் சிரிப்பது கேட்டது. அந்தக் கம்பவுண்டர் எனக்கு உதவினாரா, என் கணவருக்கா என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.