பதினோராம் நிமிடத்தில் மழை

1989 ஜனவரி 7, சனிக்கிழமை. காலை ஆறரைக்கு எழுந்தேன். எட்டு மணிக்கு அம்மாவும் நானும் களத்தில் காப்பிக்கொட்டையைப் பரப்பினோம். மணிக்கொரு தடவை கிளறிவிட்டேன். பத்து வயதில் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பில் அன்று மதியம் வரை இவ்வளவுதான் இருக்கிறது.

மூன்று மணிக்கு மாமா ஓர் இசைத்தட்டோடு வந்தார். அம்மாவின் தம்பி, சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர். தட்டு, அவரோடு கூட வந்த பெங்களூர் நண்பருடையது. ஐந்து மணி பஸ்ஸில் நண்பரோடு போய்விடும், அதற்குள் கேசட்டில் பதிந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டு இளைஞர்கள் ஐந்து பேரின் முதல் ஆல்பம், புரோகிரசிவ் ராக் என்னும் இசை வகை என்றார் மாமா. ஒரு பக்கம் முழுவதும் ஒரே பாட்டு என்றதை அம்மா நம்பவில்லை.

எஸ்டேட் முதலாளி கொடுத்த பழைய ரெக்கார்டு பிளேயர் எங்களிடம் இருந்தது. அதை டேப் ரெக்கார்டரோடு இணைக்க வயர் இல்லை. ஸ்பீக்கருக்கு எதிரே வைத்துத்தான் பதிய வேண்டும். வீட்டில் எழும் எந்தச் சத்தமும் சேர்ந்து விழும்.

“கண்ணு, இருவது நிமிசம் மூச்சு விடக்கூடாது” என்றார் மாமா என்னிடம்.

“தும்மல் வந்தா என்னடா பண்றது?” என்றாள் அம்மா.

“ஊட்டுக்கு வெளிய போய்த் தும்முங்கக்கா.”

முள் இறங்கியது. முதலில் புல்லாங்குழல் மட்டும். பிறகு ஆர்கன், கதவுகள் ஒவ்வொன்றாகத் திறப்பதுபோல. விரல்விட்டு எண்ணினேன், தாளம் நாலில் நிற்காமல் ஏழில் வந்து விழுந்தது. அப்படி ஒரு கணக்கு உலகத்தில் உண்டு என்றே எனக்குத் தெரியாது. மாமாவின் கண்கள் நனைந்திருந்தன. எல்லாம் அடங்கி ஒற்றைக் கிதார் மட்டும் ஒலித்தபோது, ஜன்னல் வழியே களத்தில் முதல் துளி விழுவதைப் பார்த்தேன்.

முதல் துளியைப் பார்ப்பவர் கத்தியாக வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். நனைந்த காப்பியில் பூஞ்சணம் பிடித்தால் ஒரு வருட உழைப்பு போய்விடும்.

“மாமா, மழை!”

முதலில் ஓடியவர் மாமாதான். நண்பரும் வந்து கை கொடுத்தார். கொட்டையை அள்ளி உள்ளே சேர்த்து முடிக்க நாலரை ஆகிவிட்டது. மறுபடி பதிய நேரமில்லை.

“அஞ்சு பேரு வாசிச்சாங்க, ஆறாவதா உங்க ஊட்டுப் பாப்பா” என்று சிரித்துக்கொண்டே நண்பர் தட்டோடு கிளம்பினார். மாமா சிரிக்கவில்லை. அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

பின்னாளில் அந்தக் கேசட்டிலிருந்து பக்கத்து ஊரான கிளியூரில் ஒருவர் பிரதி எடுத்தார்; அவரிடமிருந்து வாழவந்திக்கும் மாரமங்கலத்துக்கும் போனது. மலையில் கிதார் பிடித்த அத்தனை பேரும் அதைக் கேட்டுத்தான் பழகினார்கள். பாட்டு என்றால் மூன்று நிமிடம் என்ற வழக்கத்தையே மாற்றிய ஆல்பம் என்று இன்றும் எழுதுகிறார்கள். மாரமங்கலத்துக்காரர் ஒருவர், அசல் பாட்டைக் கேட்கும்போது பதினோராம் நிமிடத்தில் என் குரல் வராமல் ஏதோ குறைகிறது என்று போன மாதம் என்னிடமே சொன்னார்.

அந்த மழைக்கு மறுநாள் ஞாயிறு. இரவு எங்கள் வீட்டில் தங்கிய மாமா எழுந்ததும் பல்கூடத் துலக்கவில்லை. முதல் வேலையாகத் திருப்புளியை எடுத்து, கேசட்டின் விளிம்பிலிருந்த இரண்டு சிறிய பிளாஸ்டிக் தகடுகளையும் உடைத்தெடுத்தார். கோபத்தில் உடைக்கிறார் என்று கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். அவற்றை உடைத்துவிட்டால் அந்த நாடாவில் இருப்பதை அழித்து வேறெதையும் பதிய முடியாது என்பது எனக்கு அப்போது தெரியாது.