தீபாவளிக்கு முந்தின நாள் உலர்த்திய கரி

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுவேன். எழுதத் துணிந்ததைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் வினையூக்கி செய்யும் பிரிவு என்றால் நானும் கெமிஸ்ட் மேடமும்தான். நான் கரித்தூளைக் கழுவி உலர்த்துவேன். மேடம் அதைப் பிளாட்டினக் கரைசலிலும் வெள்ளீயக் கரைசலிலும் ஊறவைத்து, ஹைட்ரஜன் விட்டுச் சூடாக்குவார். அதை வாங்கும் மருந்துக் கம்பெனி, தன் சரக்கில் ஹைட்ரஜன் சேர்க்க அதைப் போடும்; மூலக்கூறில் ஒரே ஓர் இடத்தில்தான் ஹைட்ரஜன் சேர வேண்டும். பிளாட்டினம் தனியாக இருந்தால் கண்ட இடத்திலும் சேர்த்துவிடும். வெள்ளீயம் அதை அடக்கி வைக்கும். எங்கள் சாம்பிள் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. மூன்றாவதும் தேறாவிட்டால் பிரிவை மூடிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

தீபாவளிக்கு முந்தின நாள் கரி தட்டுகளில் காய்ந்துகொண்டிருந்தது. வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் காற்றாடி எப்போதும்போல ஓடியது. ஸ்வீட் பாக்ஸ் கொடுத்து முடித்ததும் கேட்டில் சரவெடி வைப்பது எங்கள் கம்பெனி வழக்கம்.

"இன்னாக்கா, கரியக் கட்டிக்கினு உள்ளயே கீற? மொதலாளியே கொளுத்தப் போறாரு, வா!" என்றார் வாட்ச்மேன்.

மேடம் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"ஹைட்ரஜனோட குடும்பம் நடத்துற நீ, சரவெடிக்குப் பயப்படறியேம்மா!" என்று முதலாளி சிரித்தார். "இந்தத் தபா சாம்பிள் பாஸாவணும்னு வேண்டிக்கினு வைக்கிறேன்."

எல்லோரும் கைதட்டினோம். புகை கலைய வெகுநேரம் ஆயிற்று.

லீவு முடிந்து அந்தக் கரியில்தான் சாம்பிள் செய்து அனுப்பினோம். ஒரு வெள்ளிக்கிழமை பதில் வந்தது. ஹைட்ரஜன் எந்த இடத்திலுமே சேரவில்லையாம். மேடம் மிச்சமிருந்த கரியைச் சோதித்துப் பார்த்தார்.

"கந்தகம்க்கா. பட்டாசுப் புகை. கரி எதையும் உறிஞ்சி வச்சுக்கும். பிளாட்டினம் மேல கந்தகம் உட்கார்ந்துட்டா அப்புறம் அது செத்த மாதிரிதான்."

"இன்னொரு வாட்டி செய்யலாமே மேடம்?"

"யாருக்குச் செய்றது? அவங்க வேற இடம் பாத்துட்டாங்க."

அவர் முதலாளியிடம் சொன்னபோது நான் கதவருகே நின்றேன். திட்டியிருந்தால் தேவலை. முதலாளி தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிரிவைப் பூட்டச் சொன்னார்.

திருமுல்லைவாயிலில் ரயிலைவிட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது யோசித்துப் பார்த்தேன். இந்த வயதில் எந்த வாசலில் போய் நிற்பது? கரி கழுவத் தெரியும் என்றா சொல்வது?

மறுநாள் ரேஷன் கடையில் பருப்பு போட்டார்கள். வரிசையில் நின்று வாங்கி வந்தேன்.