எண்ணுக்கு அடியில் இருந்த நீலம்

என் மேசையின் கீழறையில் ஒரு கறுப்பு உறை இருக்கிறது. அதற்குள் இரண்டு அங்குலச் சதுரத்தில் ஒரு நீலத் துணி. ஒரு மூலையில் வெள்ளை நூலில் போட்ட முடிச்சு, கடுகளவுதான். பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக வேலை பார்ப்பவனிடம் துணித்துண்டுக்கா பஞ்சம்? பீரோ நிறைய வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் மேலும் சரக்கு வாங்குகிற எந்த பையருடையது, எந்த ஆர்டருக்கு என்று சீட்டு ஒட்டியிருக்கும். இந்த ஒன்றுக்கு மட்டும் சீட்டு கிடையாது. என்ன எழுதி ஒட்டுவது என்று இத்தனை வருடமாகியும் எனக்குத் தெரியவில்லை.

இந்தத் துண்டுக்கு உரியவரைக் கம்பெனியில் எல்லோரும் பிரான்ஸ் சார் என்றுதான் சொல்வோம். அவருடைய குடும்பப் பெயர் நீளமான கிரேக்கப் பெயர். முதலாளியே இரண்டு முறை முயன்று பார்த்து விட்டுவிட்டார். பிரான்சிலிருந்து ஒரு துணிக் கம்பெனிக்காகச் சரக்கின் தரம் பார்க்க வருடத்துக்கு இரண்டு முறை திருப்பூர் வருவார். ஐம்பதைத் தாண்டிய ஆள், வலது காலைச் சற்று இழுத்து நடப்பார். முதல் தடவை வந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். கட்டிங் செக்‌ஷன் வாசலில் ஒடிசாக்காரர்கள் வேஸ்ட் துணியைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி உதைத்துக்கொண்டிருந்தார்கள். பந்து தப்பி இவர் பக்கம் பறந்து வந்தது. கையில் ஃபைல், காதில் போன். பேச்சை நிறுத்தாமலே இடது காலை லேசாகத் தூக்கினார். பந்து செருப்பின் மேல் வந்து உட்கார்ந்தது, விழவில்லை. பந்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஒன்றும் நடக்காதவர் போல லிஃப்டுக்குப் போனார். நீங்கள் ஆடுவீர்களா சார் என்று பின்னாலேயே போய்க் கேட்டேன். "ஆடினேன்" என்றார். ஆடுகிறேன் என்று அவர் சொல்லவில்லை என்பது அப்போதே எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு அவருடைய கதை எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்தது. நெருப்பெரிச்சல் பக்கம் துணி பின்னுகிற நிட்டிங் யூனிட்டைப் பார்த்துவிட்டு, சாயம் போடுகிற டையிங்குக்குப் போகும் வழியில், டிராஃபிக்கில் கார் நிற்கும்போதெல்லாம் சொல்வார். அவருடைய ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒரே லட்சணம் என்பதால் எங்களுக்குள் சிரமமே இல்லை. தாத்தா கிரேக்கத் தீவு ஒன்றிலிருந்து கப்பலேறி மார்செய் துறைமுகத்துக்கு மூட்டை தூக்க வந்தவர். வீட்டுக்குள் கிரேக்கம், தெருவில் பிரெஞ்சு. துறைமுகத்தை ஒட்டிய சந்துகளில் ஆடிக் கற்றுக்கொண்டு, பதினேழு வயதில் அந்தப் பேட்டையின் சின்ன அணியில் சேர்ந்தார். அவர்கள் நாட்டில் ஒரு கோப்பைப் போட்டி உண்டாம். அதில் பொடி அணிகளும் பெரிய அணிகளோடு மோதலாம். பெயர் தெரியாத இவர்கள், பேர் போன ஒரு அணியை எதிர்த்து ஆடினார்கள். தோற்றார்கள். ஆனால் இவர்களுடைய ஒரே கோலை அடித்தது இவர். பார்த்துக்கொண்டிருந்த வேறோர் அணிக்காரர், மறுவாரமே வீட்டுக்கு வந்து இவரை ஒப்பந்தம் பண்ணிக்கொண்டு போனார்.

அப்புறம் ஒன்பது வருடத்தில் ஐந்து ஊர், எல்லாம் இரண்டாம் டிவிஷன். மழை பெய்துகொண்டே இருக்கும் வடக்கத்தி ஊர்கள் என்று சொல்லும்போது தோளைக் குறுக்கிக்கொள்வார். ஒரு முறை கிரேக்க தேசிய அணியிலிருந்து அழைப்பு வந்தது. அப்பா அழுதாராம். இரண்டு ஆட்டம், இரண்டிலும் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பிரான்சில் இவரை கிரேக்கன் என்றார்கள், கிரேக்க அணிக்காரர்கள் பிரெஞ்சுக்காரன் என்றார்கள். எங்கள் சாம்பிள் ரூமில் தையல்வேலை பார்க்கிற அக்கா சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். அவரிடம் இதைச் சொன்னேன். "இங்க நான் தெக்கத்திக்காரி, ஊருக்குப் போனா திருப்பூர்க்காரி. அந்த மனுசனுக்கும் அதே கததானா?" என்றார். அதிலிருந்து பிரான்ஸ் சார் வந்தால் அக்கா மெஷினை நிறுத்திவிட்டு ஒரு வணக்கம் வைப்பார். இருபத்தாறு வயதில் சாருக்கு முழங்கால் போயிற்று. இரண்டு ஆபரேஷன். அதோடு ஆட்டம் முடிந்தது. விளையாட்டு உடுப்பு விற்கிற கடையில் சேர்ந்து, அப்படியே படிப்படியாக எங்கள் ஊர் வரைக்கும் வந்து சேர்ந்தார்.

ஒரு திங்கட்கிழமை பெட்டியிலிருந்து அந்த ஜெர்சியை எடுத்து என் மேசைமேல் வைத்தார். கோல் அடித்த அன்று போட்டிருந்தது. கெட்டிப் பருத்தி, வெளுத்த நீலம், முதுகில் ஒரு வெள்ளைத் துணிச் சதுரம், அதில் கறுப்பு மையால் எழுதிய எட்டு. அணியிடம் எண் அச்சடிக்க வசதியில்லை. பழைய மேசைவிரிப்பைக் கிழித்து அவருடைய அம்மாவே தைத்துக் கொடுத்தது. அம்மா இடது கைக்காரி, அதனால் தையலெல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும் என்று விரலால் தடவிக் காட்டினார். அந்தப் பேட்டையின் பிள்ளைகளுக்கு இதே நீலத்தில் நாற்பது ஜெர்சி வேண்டும், கம்பெனி ஆர்டர் இல்லை, என் சொந்த ஆசை என்றார். "இது ஒன்றுதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை என்னோடு திரும்ப வேண்டும்" என்றும் சொன்னார்.

இது ஒன்றுதான் இருக்கிறது என்று சொல்லாத பையரை நான் பார்த்ததில்லை. எந்த சாம்பிளைக் கொடுத்தாலும் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். நாங்களும் தலையாட்டிவிட்டு, கலர் பார்க்க ஓரத்தில் ஒரு துண்டு வெட்டிக்கொள்வோம். அவர்களும் கேட்கமாட்டார்கள். கேட்டுக் கேட்டு மரத்துப்போன காதுக்கு அந்த வார்த்தை ஏறவே இல்லை. செவ்வாய்க்கிழமை டையிங்காரர் வந்து ஜெர்சியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஏனுங்க, இது வெளுத்துப் போயிருக்குதுங்களே. இத வெச்சு எந்தக் கலருன்னு சாயம் போடறதுங்க? ஒரிஜினல் எங்கீங்க?" என்று கேட்டார்.

என் மூளை அன்றைக்கென்று வேலை செய்தது. வெயில் படாத இடத்தில்தான் முதல் நாள் கலர் அப்படியே இருக்கும். ஜெர்சியில் வெயில் படாத இடம் எது? எண்ணுக்கு அடியில். அக்காவைக் கூப்பிட்டு அந்த வெள்ளைச் சதுரத்தைப் பிரிக்கச் சொன்னேன். அக்கா தயங்கி, "கைத்தையலா இருக்கு சார், கேட்டுக்கிடுவமா?" என்றார். "பிரிங்கக்கா, மறுபடி வெச்சுத் தெச்சுக்கலாம்" என்றேன். பிளேடு வைத்துப் பிரித்தார். அடியில் இருந்தது பாருங்கள் ஒரு நீலம்! அன்றைக்குத்தான் சாயத்திலிருந்து எடுத்த மாதிரி. டையிங்காரர் சபாஷ் போட்டார். மூலையோடு சேர்த்து இரண்டு அங்குலம் நானே வெட்டிக் கொடுத்தேன். அந்த நாள் முழுக்க, எனக்கு நிகர் யாருமில்லை என்கிற நினைப்பில் திரிந்தேன். அந்தச் சாய்வுத் தையலை அவர் விரலால் தடவிக் காட்டியது எதிரில் நின்று பார்த்த எனக்கே ஞாபகம் வரவில்லை. இரண்டு கண்ணிருந்தும் குருடன் என்று என்னைச் சொன்னால் தகும்.

ஞாபகம் வந்தது வெள்ளிக்கிழமை காலை, அவருடைய கார் கேட்டுக்குள் நுழைந்தபோது. அக்கா அதற்கு முன்பே ஓட்டையின் ஓரம் பிரியாமல் நீல நூலால் மடித்துத் தைத்து, பழைய ஊசித்துளைகளிலேயே ஊசி விட்டு வெள்ளைச் சதுரத்தைப் பொருத்தியிருந்தார். ஓட்டை வெளியே தெரியாது. ஆனால் தையல் நேராக இருந்தது. பிரான்ஸ் சார் ஜெர்சியை வாங்கி, திருப்பி, விரலை வைத்தார். வைத்த விரல் அப்படியே நின்றது. யார் தைத்தது என்று கேட்டார். பழைய நூல் சார், மக்கிப்போய்த் தானாகவே விட்டுவிட்டது, எங்கள் அக்காதான் தைத்துக் கொடுத்தார் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. அந்தப் பழைய நூல் கொஞ்சமாவது இருக்கிறதா என்று கேட்டார். குப்பையோடு போய்விட்டது சார் என்றேன். அது மட்டும் நிஜம் என்றுதான் அப்போது நினைத்தேன். அவர் சாம்பிள் ரூமுக்குப் போய் அக்காவின் முன்னால் நின்று, நெஞ்சில் கை வைத்துத் தலையைத் தாழ்த்தி நன்றி சொன்னார். அக்கா முகம் வெளிறி எழுந்து நின்றார். அவர் போன பிறகு என்னிடம் வந்து, "பொய்ய நீங்க சொன்னீய, நன்றிய நான் வாங்கிக்கிட்டேன். நல்லாருக்கா சார்?" என்றார்.

மூன்று வாரம் கழித்து டையிங்கிலிருந்து கலர் அட்டையோடு அந்த நீலத்துண்டும் திரும்பி வந்தது. அப்போதுதான் மூலையில் இருந்த முடிச்சைப் பார்த்தேன். தைத்து முடித்ததும் நூலை இறுக்கிப் போடுகிற கடைசி முடிச்சு. அக்காவின் பிளேடுக்குத் தப்பி, நான் வெட்டிய துண்டோடு வந்துவிட்டது. அவர் கேட்ட நூல் இவ்வளவுதான் மிச்சம், அது என் கையில் இருந்தது. நாற்பது ஜெர்சியும் தயாராகிப் பெட்டி கட்டும்போது உள்ளே ஒரு கவரில் இதையும் போட்டிருக்கலாம். போட்டால் வெட்டியதைச் சொல்ல வேண்டும், பொய் சொன்னதையும் சொல்ல வேண்டும். அடுத்த முறை வரும்போது நேரில் கொடுத்துக்கொள்ளலாம் என்று கறுப்பு உறையில் போட்டு வைத்தேன்.

அடுத்த முறை வந்தார். சாம்பிள் ரூமில் வேறொரு பையரின் சட்டையில் துண்டு வெட்டிக்கொண்டிருந்தார்கள். நின்று பார்த்துவிட்டு, "வெயில் படாத இடத்தில் எடுக்க வேண்டும், இல்லையா?" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். ஆமாம் சார் என்று சொல்லிவிட்டு டீ சொல்லப் போய்விட்டேன். இத்தனை வருடம் துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த மனிதர், தன் ஜெர்சியின் உட்புறத்தை ஒருதரம் புரட்டிப் பார்த்திருக்க மாட்டாரா? எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்று. தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. எங்கள் தொழிலில் பையர் இரண்டாவது சந்தர்ப்பம் தரமாட்டார்கள். இவர் தந்தார்.

கடைசியாக வந்தபோது முகத்தில் சதையே இல்லை. உடம்புக்கு என்ன என்று கேட்டதற்குக் கையை ஆட்டிவிட்டார். கோயம்புத்தூர் ஏர்போர்ட்டுக்கு நான்தான் கூடப் போனேன். கார் கருமத்தம்பட்டி தாண்டியது. அப்புறம், "என்னிடம் கொடுக்க வேண்டியது ஏதாவது உன்னிடம் இருக்கிறதா?" என்று கேட்டார். டாக்குமெண்டெல்லாம் மெயிலில் வந்துவிடும் சார் என்றேன். கறுப்பு உறை என் மடியில் இருந்த பையிலேயே இருந்தது. கொடுப்பதற்கென்றுதான் எடுத்து வந்திருந்தேன். அவர் லேசாகச் சிரித்துவிட்டு, பழைய பெஞ்சுக் கதையை மறுபடி சொன்னார். இரண்டு ஆட்டத்திலும் கடைசி நிமிடம் வரைக்கும் ஷூ கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாராம், எப்போது கூப்பிட்டாலும் எழுந்து ஓடுவதற்கு. "கோபமில்லை. யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று காத்திருந்தேன், அவ்வளவுதான்." ஏர்போர்ட் வாசலில் என் தோளைத் தட்டிவிட்டு, காலை இழுத்துக்கொண்டு உள்ளே போனார். கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பார். நான் கூப்பிடவில்லை.

பதினைந்து நாளைக்கு முன் அவருடைய மகளிடமிருந்து மெயில் வந்தது. அப்பா போய்விட்டார். அடக்கத்தன்று பேட்டைப் பிள்ளைகள் எங்கள் நீல ஜெர்சியைப் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றார்களாம். அப்பாவுக்கு அந்தப் பழைய ஜெர்சியையே போட்டுவிட்டோம், அதோடுதான் மண்ணுக்குள் போனார் என்று எழுதியிருந்தாள். கடைசியில் இரண்டு வரி. "எண்ணுக்கு அடியில் ஒரு துண்டு இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கேட்டால், அது திருப்பூரில் இருக்கிறது, அடுத்த முறை கொடுத்துவிடுவார்கள் என்பார்."

படித்துவிட்டு சாம்பிள் ரூமுக்குப் போய், மெயிலையும் உறையில் இருக்கிற முடிச்சையும் பற்றி அக்காவிடம் சொன்னேன். அக்காவுக்கு இப்போது கண்ணாடி போட்டால்தான் ஊசித்துளை தெரிகிறது. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே, "அவுக அம்மா போட்ட முடிச்சுல்லா சார். அது நம்மகிட்ட எதுக்கு இருக்கணும்?" என்றார். நான் குடுத்திருக்கணுங்க்கா என்றேன். அவ்வளவு சின்ன வாக்கியத்தைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. சொல்ல வேண்டியவரிடம் சொல்லவில்லை.

அந்த நாற்பதோடு சேர்த்துத் தைத்த சாம்பிள் ஜெர்சி ஒன்று, இத்தனை வருடமாக வெயில் படுகிற சுவரில் மாட்டியபடி இருந்தது. இன்று காலை அதை ஜன்னலோரம் விரித்து, பக்கத்தில் கறுப்பு உறையைத் திறந்து நீலத்துண்டை வைத்துப் பார்த்தேன். எங்கள் நீலம் வெளுத்துவிட்டது. அவருடைய நீலம், பதினேழு வயதில் கோல் அடித்துவிட்டு ஓடினாரே, அந்த நாளில் இருந்தபடியே இருக்கிறது. மகளுக்கு நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதி, துண்டைக் கூரியரில் அனுப்பப் போகிறேன். அவள் அதை எங்கே வைப்பாள், எதில் தைப்பாள் என்று எனக்குத் தெரியாது. தைக்க வேண்டிய ஜெர்சி மண்ணுக்குள் இருக்கிறது. உறையில் திரும்பப் போடுவதற்கு முன்னால் விரல்நுனியால் அந்த முடிச்சைத் தொட்டேன். அது இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கிறது.